கைதட்டல், கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞரின் உரையைத் திரையிட்டோம். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் பேசுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளோ பல இடங்களில் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கண்டித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு குழப்பமாக இருந்தது. அவர் வேடிக்கையாகத்தான் பேசுகிறார். ஆனாலும் உடல் குறைபாடுள்ள ஒருவர் பேச, நாம் உட்கார்ந்து சிரிப்பது பாவமில்லையா? பாராட்ட வருகிறவர்களையே அவர் கிண்டல் செய்வது நன்றி மறந்த பேச்சாகவும் பட்டது. அவர்கள் நல்லெண்ணத்தில்தானே பாராட்டுகிறார்கள்? இவ்வளவு தீவிரமான பிரச்சினையை நகைச்சுவையாக்கினால் அதன் கனம் குறைந்துவிடாதா?

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் ஆண்டு விழாவில் மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும்படி பேசக்கூடிய மாற்றுத்திறனாளி ஒருவரை அழைக்க விரும்புகிறோம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை


அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் சிரித்ததற்காகக் கண்டித்தீர்கள் என்று படித்ததும் கோபம் வந்தது. அந்த அறையில் ஸ்டெல்லா யங் பேசியதை அவர் விரும்பியபடி கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். நாளைக்கே வகுப்புக்குப் போய், "நீங்கள் சிரித்தது சரி" என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சில வாரங்களாகவே இந்த விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்மையில் ஓர் இலக்கிய விழாவுக்குப் போயிருந்தேன். கவிதை வாசிக்க வந்திருந்த இளைஞர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மேடைக்கு ஐந்து படி. சாய்தளம் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். பின்சக்கரம் ஒரு படியில் இடித்து நாற்காலி ஒருபக்கம் சரிந்தது. அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்த கவிதைத் தாள் கீழே விழுந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் அரங்கம் கைதட்டத் தொடங்கியது. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். பிறகு அவர் கவிதை வாசித்தார். நல்ல கவிதை. கடைசிக்கு முந்தைய பத்தி தேவையில்லை, அதை எடுத்துவிட்டால் இன்னும் இறுகியிருக்கும். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. முடித்தபோது மறுபடியும் அதே கைதட்டல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன் கவிதை எப்படி என்று அந்தப் பிள்ளை எதை வைத்துத் தெரிந்துகொள்வான்?

அந்தக் கைதட்டலை எதிர்த்துத்தான் ஸ்டெல்லா யங் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார்.

அவர் 1982 பிப்ரவரி 24 அன்று பிறந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற சிற்றூர். 1878-இல் தொடங்கிய ஈஸ்டர் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போன ஊர் அது. இவருக்கோ பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறிந்துவிடும் மரபணு நோய். சக்கர நாற்காலியில்தான் வளர்ந்தார். 14 வயதில் தன் ஊர்க் கடைத்தெருவில் எந்தெந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி போகும், எதற்குள் போகாது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். அவருடைய செயல்பாடு தொடங்கியது அங்கேதான். 15 வயதில் உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சமூகச் சாதனையாளர் விருதுக்கு உங்கள் மகள் பெயரைப் பரிந்துரைக்கப் போகிறேன் என்றிருக்கிறார். பெற்றோர் சொன்ன பதிலை நீங்களும் அந்த உரையில் கேட்டிருப்பீர்கள். ரொம்ப சந்தோஷம், ஆனால் அவள் இதுவரை எதையும் சாதிக்கவில்லையே! ஸ்டெல்லாவும் அதை ஒப்புக்கொள்கிறார். பள்ளிக்கூடம் போனேன், மதிப்பெண் வாங்கினேன், அம்மாவின் முடிதிருத்தும் கடையில் மாலையில் சின்ன வேலை, மிச்ச நேரம் டி.வி. சீரியல் என்கிறார். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே.

இதைக் கேட்டபோது எனக்கு என் பெரியம்மா மகன் நினைவுக்கு வந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சாத்தூர்ப் பக்கம். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. இடுப்புக்குக் கீழே காலிப்பர் என்கிற, காலைத் தாங்கும் இரும்புச் சட்டம், கக்கத்தில் கட்டை. அவருடைய பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழா. தலைமையாசிரியர் மைக்கில் அவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார். அண்ணன் கட்டையை ஊன்றி ஏறிப் போய் நின்றார். தலைமையாசிரியர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "காலு இல்லாத இவனே ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல. ரெண்டு காலும் நல்லா இருக்கிற உங்களுக்கெல்லாம் என்னடா கேடு?"

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். பெரியம்மா அழுதார். நானும் தட்டினேன், எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. இரவு மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது அண்ணன் சொன்னார்: "அப்பா தெனமும் சைக்கிள்ல வச்சு மிதிச்சுக் கொண்டுபோய் விடுறாரு. லேட்டாகாம இருந்ததுக்குக் கைதட்டணும்னா அவருக்குல்லடா தட்டணும்? நான் என்ன செஞ்சேன்?"

டீச்சர், தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அண்ணனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவரே அவர்தான். ஆனால் அந்த மேடையில் அவர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரத்துக்கு வராத மற்ற பையன்களைப் பற்றிப் பேசினார். அண்ணன் அங்கே அவர்களை அடிக்கப் பயன்பட்ட பிரம்பு. ஸ்டெல்லா 2012-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'ஊக்க ஆபாசம்' என்று பெயர் வைத்தார். ஒரு கூட்டத்தின் நன்மைக்காக இன்னொரு கூட்டத்தைப் பொருளாக்குவது. கையில்லாத சிறுமி வாயில் பென்சிலைக் கவ்விப் படம் வரைகிறாள், செயற்கைக் காலோடு ஒரு குழந்தை ஓடுகிறது, கீழே ஒரு வாசகம். பார்ப்பவன் 'நம் நிலைமை எவ்வளவோ தேவலை' என்று நிம்மதியாகிறான். அந்தக் குழந்தைக்கு இதில் என்ன கிடைத்தது?

நீங்கள் கேட்ட 'நல்லெண்ணம்தானே' என்ற கேள்விக்கு நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை. நல்லெண்ணம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதற்கு நன்றிக்கடன் எதிர்பார்க்காதீர்கள். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிவரும் பெண்ணை வழிமறித்து, "உன்னைப் பார்த்தால் எனக்கு வாழவே தெம்பு வருகிறது" என்று தினமும் யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவ்வளவுதான் அதற்குப் பதில்.

கனம் குறைந்துவிடும் என்ற கேள்வியையும் விட்டுவிடுகிறேன். சிரிப்பைக் கனமில்லாததாக நினைக்கும் பழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் வந்தது.

நான் சொல்ல நினைப்பது வேறு. கைதட்டலைப் பிச்சையாகப் போடலாம். சிரிப்பைப் போட முடியாது.

யோசித்துப் பாருங்கள். கைதட்டுவதற்குக் கவிதை பிடித்திருக்க வேண்டியதில்லை, கேட்டிருக்கக்கூடத் தேவையில்லை. இரக்கத்தில் தட்டலாம், பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறார் என்பதற்காகத் தட்டலாம், குற்றவுணர்ச்சி தீரத் தட்டலாம். சிரிப்பு அப்படி வராது. நகைச்சுவை சரியாக விழுந்தால்தான் வரும். மரியாதைக்குச் சிரிப்பதும் உண்டே என்பீர்கள். உண்டு. மேடையில் இருப்பவருக்கு முதல் சத்தத்திலேயே அது தெரிந்துவிடும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் ஒரு மணி நேரம் மரியாதைக்காகச் சிரிக்காது, பாதியில் நெளியத் தொடங்கிவிடும். தான் கேட்டு வாங்காத கைதட்டலை வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒரு பெண், இரக்கம் செல்லாத ஒரே மேடையைத் தேடிப் போயிருக்கிறார். மெல்போர்னில் புதுமுகங்களுக்கான ரா காமெடி போட்டியில் இரண்டு முறை மாநில இறுதிச்சுற்று வரை வந்தார். 2014 மெல்போர்ன் சர்வதேச நகைச்சுவை விழாவில் முதல் தனி நிகழ்ச்சி. சிறந்த புதுமுகத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. 15 வயதில் வந்த விருதுப் பேச்சையும் இந்த விருதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது அவர் சம்பாதித்தது.

நீங்கள் அழுத உரையும் அதே ஆண்டு ஏப்ரலில் சிட்னியில் நிகழ்த்தியதுதான். அதில் ஓர் இடம். முன்பின் தெரியாதவர்கள் வந்து, நீ தைரியசாலி, உன்னைப் பார்த்தால் ஊக்கம் பிறக்கிறது என்கிறார்கள்; எத்தனை பேர் என்று எண்ணிக்கையே விட்டுப்போயிற்று; நான் நாலு பேருக்குத் தெரிந்தவளாக ஆவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் என்கிறார். அதுவரை புகார் மாதிரித்தான் போகிறது. பிறகு, காலையில் எழுந்து என் சொந்தப் பெயரை ஞாபகம் வைத்திருந்ததற்காகப் பாராட்டினார்கள் போலிருக்கிறது என்று முடிக்கிறார். அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? சக்கர நாற்காலியில் இருப்பவரையா? தங்களையே பார்த்துத்தான். அந்த அரங்கில் இருந்த பலர் என்றைக்கோ ஒருநாள் அப்படிப் பாராட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தச் சிரிப்போடு அதை ஒத்துக்கொண்டார்கள். அதையே அவர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டியிருந்தால் எல்லோரும் 'ஐயோ பாவம், மனக்கசப்பு' என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் சிரித்ததும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நீங்களும் அங்கே சிரித்திருக்க வேண்டும் டீச்சர். அழுகை உங்களைத் தடுத்துவிட்டது.

பெரியம்மா மகன் பின்னால் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கிய காலம் அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் நிற்கும் கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும். புதிதாக வருகிற ஆள் போன் பேசி முடித்ததும் பில் வரும்வரை காலையே பார்ப்பார். பிறகு கேட்பார்: "காலு எப்படிப்பா இப்படி ஆச்சு?" அண்ணன் உடனே பதில் சொல்ல மாட்டார். குனிந்து காலிப்பரின் முட்டிப் பூட்டைத் தூக்கிவிடுவார். டக் என்று ஒரு சத்தம். கால் மடங்கும். ஸ்டூலில் உட்கார்ந்து நிமிர்ந்து சொல்வார்: "வாங்கும்போதே இப்படித்தாங்க இருந்துச்சு. பில்லத் தொலச்சிட்டேன், மாத்தித்தர மாட்டேங்கிறான்."

கேட்டவர் ஒரு கணம் விழிப்பார். சிரிக்கலாமா கூடாதா என்று முகத்தில் ஒரு போராட்டம் நடக்கும். அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே இருப்பார், உதவ மாட்டார். பிறகு அந்த ஆள் சிரித்துவிடுவார். சிரித்த பிறகு அவர் காலைப் பார்ப்பதில்லை. "ஏம்ப்பா, மூணு நிமிஷத்துக்கு இவ்வளவு பில்லா?" என்று சண்டைக்கு வருவார். அண்ணன் கேட்டது அதைத்தான். மற்ற கடைக்காரர்களிடம் போடும் அதே சண்டை. அந்த டக் சத்தம் இல்லாமல் அந்த நகைச்சுவை அவ்வளவு எடுபட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது. மேடைக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்காகப் பழகும் விஷயம்.

சிரிக்கலாமா என்று கேட்டீர்கள். நம் உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. குறைபாடுள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் பற்றிய நம் எண்ணத்தைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை வேறு. திக்குவாய், காது கேளாமை, கோணல் நடை ஆகியவற்றை வைத்து எத்தனை படங்களில் சிரிக்க வைத்திருக்கிறார்கள்! அதற்கெல்லாம் நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்தோம், பாவம் என்று யாரும் சொல்லவில்லை. மைக் மாற்றுத்திறனாளிகள் கைக்குப் போனதும்தான் நமக்குப் பாவ புண்ணியம் ஞாபகம் வருகிறது.

ஸ்டெல்லாவை வெறும் மேடைப் பேச்சாளராக எண்ணிவிடாதீர்கள். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார். மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 2010-இலிருந்து ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் 'ராம்ப் அப்' இணைய இதழுக்கு ஆசிரியர். மாற்றுத்திறனாளிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய இடம் அது. அரசு நிதி நின்றதும் 2014-இல் மூடப்பட்டது. அவருடைய முக்கியமான வாதம் ஒன்றே ஒன்று. எங்களை முடக்குவது எங்கள் உடலைவிட நாங்கள் வாழும் சமூகம்தான் என்றார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்ற வரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தன்னம்பிக்கை வாசகங்களை ஒரே வரியில் அவர் இப்படி முடித்துவைத்தார்.

2014 டிசம்பர் 6 அன்று அவர் திடீரென்று இறந்துபோனார். 32 வயது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 80 வயதில் இருக்கப்போகும் தனக்கே அவர் எழுதிய கடிதம் வெளியாகியிருந்தது. எனக்கு அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. நகைச்சுவைக் கலைஞருக்கு 32 என்பது தொடங்கும் வயது. இரண்டாவது நிகழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும், சரியாக வராத மூன்றாவதையும் பார்த்திருக்க வேண்டும். 2023-இல் ஸ்டாவெல்லில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நல்லது.

இனி உங்கள் வேண்டுகோள். அந்த உரையை முழுவதும் பார்த்துவிட்டு, தன்னம்பிக்கை ஊட்ட ஒரு மாற்றுத்திறனாளியை அனுப்புங்கள் என்று எப்படி அம்மா கேட்க முடிந்தது? ஸ்டெல்லா மெல்போர்ன் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்குச் சட்டப்பாடம் எடுத்ததைச் சொல்கிறாரே, மறந்துவிட்டீர்களா? இருபது நிமிடம் பாடம் நடத்திய பிறகு ஒரு பையன் கையைத் தூக்கி, "மிஸ், உங்க ஸ்பீச்சை எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்கிறான். சக்கர நாற்காலியில் வருகிறவர் பெரிய ஹாலில் ஊக்கப் பேச்சுதான் பேசுவார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அவர் ஆசிரியையாக இருக்கக்கூடும் என்பதே அவன் புத்தியில் இல்லை. அந்தப் பையனை அப்படி ஆக்கியது யார்? அவன் பள்ளிக்கு அதற்கு முன் அப்படிப் பேச்சாளர்களைக் கூட்டிவந்தவர்கள். நீங்கள் இப்போது உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யப்போவது அதைத்தான்.

ஆகவே யார் பெயரையும் தர மாட்டேன். உங்கள் பாடத்தை நடத்தக்கூடிய, சக்கர நாற்காலியில் வரும் கல்லூரி ஆசிரியர் யாராவது இருந்தால் அழைத்து வேதியியல் பேசச் சொல்லுங்கள். வாழ்க்கைக் கதை கேட்காதீர்கள். வந்தவருக்குப் பயணப்படியும் பேச்சுக்குரிய தொகையும் கொடுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 14 வயது ஸ்டெல்லா செய்ததை உங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் செய்யட்டும். ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு போதும். சாய்தளத்துக்குக் கணக்கு உண்டு, ஒரு அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நான் பார்த்த பள்ளிச் சாய்தளங்களில் பல செங்குத்தாக இருக்கின்றன, சைக்கிள் ஏற்றத்தான் லாயக்கு. விழா மேடைக்கு எத்தனை படி, ஆய்வகக் கதவு எவ்வளவு அகலம், ஆய்வக மேசை எவ்வளவு உயரம், கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போய்த் திரும்ப இடமிருக்கிறதா என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். கழிப்பறையை விட்டுவிடாதீர்கள், அழைத்த விருந்தினர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பள்ளியின் பெயர் இல்லாமல் இங்கே வெளியிடுகிறேன்.